சரிவுத் தடத்தில் முதல் நாள்: மதுரை சைக்கிள்காரர்களுக்கு

தமுக்கம் மைதானத்துச் சித்திரைப் பொருட்காட்சியில் மரணக் கிணறு பார்க்காத மதுரைக்காரர் குறைவு. பைக்கை எடுத்ததும் யாரும் பலகைச் சுவரில் ஏற்றுவதில்லை. அடித்தளத்தில் இரண்டு மூன்று சுற்று போய், வேகம் சேர்ந்த பிறகுதான் சுவர். சரிவான திருப்பம் கொண்ட சைக்கிள் பந்தயத் தடமான வெலோடிரோமிலும் அதே கணக்குத்தான். சுவர் அவ்வளவு செங்குத்து இல்லை, என்ஜின் இருக்கிற இடத்தில் உங்கள் தொடை இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ரோட்டில் நாலைந்து வருஷம் ஓட்டியவர்கள்கூட முதல் நாள் இரண்டு விஷயத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பயம் வந்தால் கால் தானாக மிதிப்பதை நிறுத்துகிறது. சரிவைப் பார்த்தால் கை தானாக வேகத்தைக் குறைக்கப் பிரேக்கைத் தேடுகிறது. தட சைக்கிளில் காலை நிறுத்தவும் முடியாது, பிரேக்கும் கிடையாது. இந்த இரண்டு பழக்கத்தையும் மதுரையிலேயே விட்டுவிட்டுப் போனால், அங்கே கிடைக்கும் ஒரு மணி நேரம் முழுசாகப் பயன்படும்.

எங்கே போவது

மதுரையில் வெலோடிரோம் இல்லை. தமிழ்நாட்டுக்குள் இருப்பது சென்னைக்குத் தெற்கே மேலக்கோட்டையூரில், தமிழ்நாடு உடற்கல்வி மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்துத் தடம். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டியின் தட சைக்கிள் பந்தயங்கள் அங்கேதான் நடந்தன. வைகை எக்ஸ்பிரஸில் தாம்பரத்தில் இறங்கினால் வண்டலூர் வழியாகப் போய்விடலாம். ஆனால் அது திறந்தவெளி. கூரைக்கடியில், மரப்பலகையில் ஓட்ட வேண்டுமென்றால் டெல்லி. இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தில் 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய 250 மீட்டர் தடம் அது. 2022 ஆசியத் தட சைக்கிள் போட்டியில் ரொனால்டோ சிங் ஸ்பிரிண்டில் வெள்ளி எடுத்ததும் அந்த மரத்தில்தான்.

டிக்கெட் எடுப்பதற்கு முன் அனுமதி கையில் இருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் முதல் உரிமை பயிற்சி வீரர்களுக்கு. எழுதிக் கேட்கும்போது நாலு கேள்வி போதும்: எந்த நாள் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, பயிற்சியாளர் தடத்தில் இருப்பாரா, உங்கள் உயரத்துக்கு இரவல் சைக்கிள் உண்டா, டாக்டர் சான்றிதழ் வேண்டுமா. பயிற்சியாளர் இல்லாத நேரத்தைக் கொடுத்தால் முதல் நாளுக்கு அதை வாங்காதீர்கள். சரிவில் தனியாகக் கற்றுக்கொள்வது வீண் வீரம்.

மதுரையிலிருந்து நேராக டெல்லிக்குச் சம்பர்க் கிராந்தி, திருக்குறள் எக்ஸ்பிரஸ் இரண்டும் உண்டு. இரண்டு இரவு ரயிலிலேயே போகும். இறங்கிய அன்றே தடத்தில் ஏறாதீர்கள். ஒரு நாள் காலை நீட்டிப் படுத்துவிட்டு மறுநாள் போங்கள்.

சைக்கிள்

கியர் சைக்கிளோடு போனால் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். விட்டாலும் ஏறக்கூடாது. பிரீவீல் (மிதிக்காதபோதும் சக்கரத்தைச் சுற்ற விடும் அமைப்பு) உள்ள சைக்கிளில் யாராவது முன்னால் திடீரென்று மிதிப்பதை நிறுத்தினால், பிரேக் பிடித்தால், பின்னால் வருகிறவருக்குத் தப்பிக்க வழியே இல்லை. எல்லோரும் பிரேக் இல்லாமல் இருப்பதுதான் அங்கே பாதுகாப்பு.

தட சைக்கிளில் ஒரே செயின் வீல், பின்னால் ஒரே பல்சக்கரம் (சுருக்கமாக ‘பல்’). பின் சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றும். கிராங்க் (பெடல் மாட்டும் தண்டு) 165 மி.மீ. இருந்தால் நல்லது, ரோட்டு சைக்கிளில் வருகிற 172.5 வேண்டாம். மெதுவாகப் போகும்போது சைக்கிள் நிமிர்ந்தே நிற்கும், தடமோ வலது பக்கம் எழும்பி வரும். வலது பெடல் கீழே வரும் நொடியில் பலகையில் இடித்தால் பின் சக்கரம் தூக்கி எறியும்.

முதல் நாளுக்கு 48 பல் செயின் வீல், பின்னால் 15 பல் சக்கரம் சரியாக இருக்கும். பெடல் ஒரு சுற்றுக்குச் சுமார் 6.7 மீட்டர் நகரும். நிமிஷத்துக்கு 75 சுற்று மிதித்தால் 30 கி.மீ. வேகம், 90 மிதித்தால் 36. முழங்காலில் பழைய வலி உள்ளவர்கள் 16 பல் கேளுங்கள். பெரிய கியர் வாங்கிக் காட்டிக்கொள்வதில் ஒரு லாபமும் இல்லை. நின்ற இடத்திலிருந்து கிளப்புவதற்குள் தொடை வெந்துவிடும், சரிவுக்கு வேண்டிய வேகமும் சேராது.

சொந்தமாகத் தயார் செய்கிறவர்கள் பின் ஹப்பைக் கவனமாகப் பாருங்கள். உண்மையான தட ஹப்பில் இரண்டு அடுக்கு மரை இருக்கும். உள்ளே பெரிய மரை, பல் ஏறுவதற்கு, சாதாரண வலமரை. வெளியே சற்றுச் சிறிய மரை, பல்லைப் பூட்டும் வளையமான லாக்ரிங்குக்கு, இடமரை. முன்னே மிதிக்கும்போது பல் இறுகும். வேகம் குறைக்கக் காலால் எதிர்த்து அழுத்தும்போது அதே பல் கழலப் பார்க்கும். அது கழல ஆரம்பித்தால் லாக்ரிங்கை இறுக்கும் திசையில் தள்ளும், அதனால் நின்றுவிடும். இடமரை வைத்ததே அதற்குத்தான்.

நம்ம ஊர்க் கடைகளில் பிரீவீல் ஹப்பிலேயே ஒற்றைப் பல்லை முறுக்கி, மேலே பாட்டம் பிராக்கெட் வளையத்தைப் போட்டு இறுக்கித் தருவார்கள். சிலர் பிரீவீலையே வெல்டிங் வைத்து அடைத்துத் தருவார்கள். வேலை சுத்தமாகத்தான் தெரியும். இரண்டையும் தடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். முதலாவதில் பிடித்து நிறுத்துவது மரையில் தடவிய பசை மட்டுமே. இரண்டாவதில் சூடு பட்டுப் பதம் போன இரும்பு, நாலாவது தடவை எதிர்த்து அழுத்தும்போது பட்டென்று விடும். பல் கழன்றால் உங்களுக்கு வேகத்தைக் குறைக்க வேறு எதுவுமே இல்லை.

செயின் எட்டில் ஒரு அங்குல அகலம். சாதா சைக்கிளில் ஓடும் அதே அகலம்தான், ஆனால் பழையதைக் கழற்றி மாட்டாதீர்கள், புதுசு வாங்குங்கள். இழுவையைச் சரிபார்க்கும் விதம்: சைக்கிளைத் தூக்கிப் பிடித்துக் கிராங்கை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். எந்தச் செயின் வீலும் துல்லிய வட்டமாக இருக்காது. ஓரிடத்தில் செயின் இறுகும், ஓரிடத்தில் தொய்யும். இறுகும் இடத்தில் நிறுத்தி, செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் ஆட்டினால் ஒரு செ.மீ. ஆட்டம் இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் கரகரவென்று சத்தம் வரும், பேரிங் தேயும். இரண்டு செ.மீ. தாண்டினால் செயின் பல்லிலிருந்து கழன்று, பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

அச்சு நட்டு 15 மி.மீ. சாவி. குவிக் ரிலீஸ் கூடாது. ஒரு பக்கம் கால் சுற்று, மறு பக்கம் கால் சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்கினால்தான் சக்கரம் நடுவில் நிற்கும். 20 செ.மீ. சாவியின் நுனியில் 15 கிலோ அளவுக்கு அழுத்தம் கொடுங்கள். இதில் சோம்பினால் முதல் கிளப்பலிலேயே சக்கரம் முன்னால் இழுபட்டு இடது செயின்ஸ்டேயில் (பின் அச்சுக்குப் போகும் கீழ்க்குழாய்) உரசும்.

டயர் 23 மி.மீ., வழவழப்பானது. புது டயரில் வார்ப்பு அச்சிலிருந்து வந்த மெழுகு போன்ற பூச்சு இருக்கும். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, ரோட்டில் ஒரு 20 கி.மீ. ஓட்டிய பிறகே மரத்தில் ஏற்றுங்கள். 65, 70 கிலோ ஆளுக்கு மரத்தடத்தில் 110 முதல் 120 பி.எஸ்.ஐ. வைக்கலாம். ஆனால் ரிம்மில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் எல்லை. ஓரத்தில் டயரைப் பிடிக்கும் கொக்கி இல்லாத ஹூக்லெஸ் ரிம் என்றால் 73 பி.எஸ்.ஐ.யைத் தாண்டவே கூடாது, டயர் பிதுங்கி வெளியே வந்துவிடும். காற்று குறைவாக வைத்தாலும் ஆபத்துதான்: 65 கிலோ ஆள் 40 கி.மீ. வேகத்தில் திருப்பத்தில் நுழைந்தால் டயருக்கு அவர் 75 கிலோ. 50 கி.மீ.யில் 87 கிலோ. மெத்தென்ற டயர் அந்த இடத்தில் ஒருக்களித்து நெளியும்.

பாட்டில் கூடு, பம்ப், சீட்டுப் பை, மணி எல்லாம் கழற்றிவிடுங்கள். ஹாண்டில்பார் இரண்டு முனையிலும் மூடி இருக்க வேண்டும். திறந்த குழாய் விழுகிறவர் தொடையில் இறங்கும். செயின் எண்ணெய் போட்டால் முதல் நாளே போட்டு, இரவு முழுக்க விட்டு, காலையில் துணியால் இழுத்துத் துடையுங்கள். மரத்தில் ஒரு சொட்டு விழுந்தால் அடுத்து வருகிறவர் வழுக்குவார்.

உடம்புக்கு: ஹெல்மெட், விரல் முழுக்க மூடும் கையுறை, பனியனுக்கு மேல் ஜெர்சி. விழுந்தால் மரச்சிராய் ஏறும். இரண்டு அடுக்குத் துணி ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித் தோலைக் காப்பாற்றும். ஷூ நாடாவை உள்ளே செருகுங்கள். செயின் வீலில் நாடா சிக்கினால் கால் நிற்காது, அது உங்களை உள்ளே இழுக்கும்.

மதுரையில் மூன்று வாரம்

ரோலர் ஒன்று வாங்குங்கள், அல்லது இரவல் கேளுங்கள். சைக்கிளைப் பூட்டி நிறுத்தும் டிரெய்னர் இதற்கு உதவாது. கீழே மூன்று உருளை, மேலே உங்கள் சமநிலை மட்டும் உள்ள பழைய வகை ரோலர்தான் வேண்டும். முன் சக்கரத்து அச்சு, முன் உருளைக்கு நேர் மேலே அல்லது ஒரு விரற்கடை பின்னால் இருக்கும்படி உருளையை நகர்த்துங்கள். அச்சு முன்னால் போனால் சைக்கிள் உருளையை விட்டு இறங்கப் பார்க்கும்.

வீட்டு நடையில், ஒரு பக்கம் கிரில் கேட், மறு பக்கம் சுவர் இருக்கும் இடமாகப் பார்த்துப் போடுங்கள். கேட்டைப் பிடித்து ஏறி, பிடித்தபடியே மிதித்து, நிமிஷத்துக்கு 80 சுற்று வந்த பிறகு கையை விடுங்கள். மெதுவாக மிதித்தால்தான் ஆடும். வேகம் வந்தால் சைக்கிள் தானே ஆடாமல் நிமிர்ந்து நிற்கும். தடத்தில் கடைசி வரை நினைவில் வைக்க வேண்டிய பாடம் இது, நடையிலேயே உடம்புக்குப் புரிந்துவிடும். முதல் வாரம் பத்துப் பத்து நிமிஷம். இரண்டாம் வாரம் இருபது நிமிஷம், இடையிடையே ஒரு கையை எடுத்துப் பாருங்கள். அதோடு வலது தோளுக்கு மேல் திரும்பி இரண்டு நொடி பின்னால் பார்த்துவிட்டு முன்னே திரும்ப வேண்டும், முன் சக்கரம் உருளையில் ஐந்து செ.மீ.க்கு மேல் நகரக்கூடாது. மூன்றாம் வாரம் ஒரு நிமிஷம் 110 சுற்று, இரண்டு நிமிஷம் ஓய்வு, இப்படி ஐந்து முறை. இடுப்பு சீட்டில் துள்ளினால் கால் இன்னும் வட்டமாகச் சுற்றவில்லை என்று பொருள். 100க்கு இறங்கி அங்கிருந்து மறுபடி ஏற்றுங்கள். மின்விசிறி கண்டிப்பாக வேண்டும். மே மாதம் என்றால் ஒரு சொம்பு நீர்மோர், உப்புப் போட்டு.

பிக்சட், அதாவது சக்கரத்தோடு பெடலும் சுற்றும் சைக்கிளின் பழக்கம் ரோட்டில்தான் வரும். ரோட்டு சைக்கிள் பிரேமில் தட ஹப் உள்ள சக்கரம் போட்டு, முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் வைத்துக்கொண்டே பழகுங்கள். தட சைக்கிளைப் பிரேக் இல்லாமல் மதுரை ரோட்டில் இறக்குவது பற்றிப் பேசவே வேண்டாம். மாடு, ஷேர் ஆட்டோ, ராங் சைடு பைக் மூன்றும் ஒரே நேரத்தில் வரும் ஊர் இது. காலை ஐந்தரைக்கு அழகர்கோவில் ரோட்டில் அப்பன் திருப்பதி தாண்டிய சமதளம் போதும். மேலே பழமுதிர்சோலை ரோட்டில் ஏறாதீர்கள். ஏறலாம், இறங்க முடியாது. பெடல் உங்கள் காலை 150 சுற்றுக்கு ஓட்டும்.

மூன்று நாலு காலைகளில் பழக வேண்டியது: மிதிப்பதை நிறுத்தாமல் தண்ணீர் குடிப்பது, பிரேக் தொடாமல் காலால் எதிர்த்து அழுத்தி 30லிருந்து 15க்குக் கொண்டுவருவது, அதற்கு எத்தனை மீட்டர் ஆகிறது என்று கண்ணால் அளப்பது. ஸ்பீட் பிரேக்கர் வரும்போது பழக்கத்தில் காலை நிறுத்துவீர்கள். பெடல் உங்களைச் சீட்டிலிருந்து ஒரு தூக்குத் தூக்கும். அந்த உதை நாலு தடவை கிடைத்த பிறகு கால் மறக்காது. சரிவில் முதல் தடவை அந்த உதை வாங்கக்கூடாது என்பதற்குத்தான் இந்தப் பாடெல்லாம்.

பெடலில் கவ்வி மாட்டிய ஷூவை விடுவிப்பதும் வேறு மாதிரி. ரோட்டில் காலை நிறுத்திக் குதிகாலைத் திருப்புவீர்கள். பிக்சடில் பெடல் அடிமட்டத்துக்கு வரும் நொடியில், சுற்றிக்கொண்டிருக்கும்போதே, குதிகாலை வெளியே தள்ள வேண்டும்.

கோடுகள்

தடத்தின் உள் ஓரத்தில் தட்டையான தளம். அதை ஒட்டி வெளிர்நீலப் பட்டை. அது ஓட்டத்துக்கு உரிய இடம் இல்லை, ஏறவும் இறங்கவும் மட்டும். அதற்கு மேல் 20 செ.மீ.யில் கறுப்புக் கோடு. 250 மீட்டர் என்று அளப்பது இதில்தான். சுமார் 90 செ.மீ.யில் சிவப்புக் கோடு. கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவில் உள்ள சந்து வேகமாகப் போகிறவர்களுக்கு. சுமார் இரண்டரை மீட்டர் மேலே நீலக் கோடு. மெதுவாகப் போகிறவர்கள், இளைப்பாறுகிறவர்கள் அதற்கு மேலே. மேலே போகப் போகச் சுற்று நீளும், நீலக் கோட்டில் ஒரு சுற்றுக்குப் பத்து மீட்டர் கூடுதல் ஓடுவீர்கள். இந்த அளவுத் தடங்களில் திருப்பத்தில் சரிவு 42 டிகிரியை ஒட்டி இருக்கும், நேர்ப்பகுதியிலேயே 12 டிகிரி. ஏழு மீட்டர் அகலத் தடத்தில் மேல் கம்பி நாலரை மீட்டருக்கு மேல் உயரம்.

ஓட்டம் எப்போதும் இடச்சுற்று. கோயிலை வலம் வருவதற்கு நேர் எதிர், அப்பிரதட்சிணம். உள்பக்கம் உங்கள் இடது கை. முந்துவது வலப்பக்கம் மட்டும். நம் ரோட்டு விதியேதான், இங்கே கடைப்பிடிக்கிறார்கள்.

காலை ஓட்டம்

முந்தின இரவு பரோட்டா சால்னா வேண்டாம். ஓட்டத்துக்கு இரண்டரை மணி நேரம் முன் நாலு இட்லி, ஒரு வாழைப்பழம். டெல்லியில் இட்லிக்கு அலைய முடியாவிட்டால் அவல், வாழைப்பழம் கையோடு கொண்டுபோங்கள்.

தடத்தில் இறங்கும் முன் டயரை ஈரத்துணியால் சுற்றுத் துடைத்து, விரலால் தடவிக் கண்ணாடித் துண்டு இருக்கிறதா பாருங்கள். இரவல் சைக்கிள் என்றால் லாக்ரிங், அச்சு நட்டு, ஹாண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம் மூன்றையும் நீங்களே ஒரு தரம் பாருங்கள். முன்னால் ஓட்டியவரை நம்பாதீர்கள்.

ஏறுவது உள்வேலிக் கம்பியைப் பிடித்துத்தான். பெடலைப் பின்னே சுழற்றி வாகாக வைக்க முடியாது என்பதால், சீட்டைப் பிடித்துப் பின் சக்கரத்தை நாலு விரல் தூக்கி, இடது பெடல் கடிகாரத்து இரண்டு மணி நிலையில் வரும்வரை திருப்பி வையுங்கள். இரண்டு காலையும் மாட்டுங்கள். பின்னால் திரும்பிப் பாருங்கள். யாரும் இல்லை என்றால் கம்பியைத் தள்ளிக் கிளம்புங்கள்.

முதல் மூன்று சுற்றுத் தட்டைத் தளத்திலும் வெளிர்நீலப் பட்டையிலும். வேகம் 20, 22 கி.மீ. போதும். அங்கே சரிவு குறைவு, அதற்கு மேல் போனால் திருப்பத்தில் வெளியே தள்ளும். கால் பிடிபட்டதும், திருப்பத்திலிருந்து நேர்ப்பகுதிக்கு வந்த இடத்தில் வேகத்தைக் கூட்டுங்கள். 30 கி.மீ. வந்ததும் வலது தோள் மேல் பார்த்துவிட்டு, நேர்ப்பகுதியிலேயே கறுப்புக் கோட்டுக்கு ஏறிவிடுங்கள்.

முன்னால் சுவர் எழும்பி வருவது போலத் தெரியும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் காலைத் தளர்த்துவது இங்கேதான். இந்த இடத்தில் கொஞ்சம் அழுத்தி மிதியுங்கள். கண் முன் சக்கரத்தில் இருக்கக்கூடாது, சரிவின் மேலும் இருக்கக்கூடாது. கறுப்புக் கோடு வளைந்து போகும் இடத்தில், 15, 20 மீட்டர் முன்னால் இருக்க வேண்டும். ஹாண்டிலைத் திருப்ப வேண்டாம். தரை சாய்கிறது, சைக்கிள் அதோடு சாய்கிறது. ரோட்டில் வளைவில் சாய்கிற உணர்வுகூட அவ்வளவு வராது, சீட்டில் யாரோ தோளைப் பிடித்து அழுத்துகிற மாதிரி மட்டும் இருக்கும். எட்டு, ஒன்பது நொடியில் திருப்பம் முடிந்துவிடும்.

ஏன் வேகம்? கணக்குச் சின்னது. இந்தத் திருப்பங்களின் ஆரம் ஏறத்தாழ 22 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 50 கி.மீ. வேகத்தில் சைக்கிள் தானாகவே 42 டிகிரி சாயும், தடத்துக்குச் செங்குத்தாக நிற்கும். 40 கி.மீ.யில் 30 டிகிரி. 30 கி.மீ.யில் 18 டிகிரிதான் சாயும். மீதி 24 டிகிரியை டயரின் பிடிப்பு தாங்க வேண்டும். சுத்தமான மரம், நல்ல டயர் என்றால் தாங்கும். 22 கி.மீ.க்கு இறங்கினால் பிடிப்பு விடுவதற்கு நெருங்கிவிடுவீர்கள். பின் சக்கரம் கீழ்ப்பக்கம் நழுவ, வலது இடுப்பு பலகையில் விழும். அதனால் திருப்பத்தில் 28க்குக் கீழே இறங்காதீர்கள். களைப்பாக இருந்தால் நேர்ப்பகுதியில் கீழே வந்துவிடுங்கள்.

வேகத்தைக் கைக்கடிகாரத்தில் பார்க்க வேண்டாம். யாரையாவது உள்ளே நிறுத்தி ஒவ்வொரு சுற்றின் நொடியைக் கத்தச் சொல்லுங்கள். 250 மீட்டர் தடத்தில் 900ஐ நொடியால் வகுத்தால் வேகம்: 30 நொடி என்றால் 30 கி.மீ., 25 நொடி 36, 20 நொடி 45.

கறுப்பில் பத்துச் சுற்று நிம்மதியாக வந்த பிறகு மேலே. ஏறும் முன் வலது தோள் மேல் பார்வை. ரோலரில் பழகியது இதற்குத்தான். அரைச் சுற்று எடுத்துக்கொண்டு சாவகாசமாக நீலக் கோட்டுக்கு ஏறுங்கள். ஆள் உயரம் ஏறுகிறீர்கள் என்பதால் வேகம் தானாகக் குறையும், ஏறும்போதே கூடுதலாக மிதிக்க வேண்டும். இறங்கும்போது இடது தோள் மேல் பாருங்கள். இறங்கினால் இலவசமாக வேகம் கூடும். பிரேக் இல்லாத இடத்தில் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் இந்த ஏற்ற இறக்கம்தான். முன்னால் போகிறவரை நெருங்கிவிட்டால் காலை இறுக்காதீர்கள், முக்கால் மீட்டர் மேலே போங்கள், இடைவெளி தானே வரும்.

பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் இறங்கித் தண்ணீர். இறங்கும் வழி: நேர்ப்பகுதியில் இடப்பக்கம் பார்த்து, வெளிர்நீலப் பட்டைக்கு வந்து, காலால் மெல்ல எதிர்த்து அழுத்தி, ஒன்றரைச் சுற்றில் வேகத்தை விட்டு, உள்வேலிக் கம்பியை இடது கையால் பிடியுங்கள். கம்பியைப் பிடிக்கும்போது நடைவேகத்துக்கு மேல் இருந்தால் தோள் கழலும். இன்னொரு சுற்றுப் போய் வாருங்கள், யாரும் சிரிக்கமாட்டார்கள்.

மற்றவர்களோடு

ஒரே விதி: உங்கள் கோட்டில் இருங்கள். பின்னால் வேகமாக ஒருவர் வந்து குரல் கொடுத்தால் ஒதுங்கி வழிவிடப் பார்க்காதீர்கள். ரோட்டில் ஹாரன் கேட்டால் ஒதுங்குகிற பழக்கம் இங்கே ஆளைக் கொல்லும். அவர் நீங்கள் அசையாமல் போவீர்கள் என்று கணக்குப் போட்டு வலது பக்கம் மேலே வந்துகொண்டிருப்பார்.

நாலு பேர் வரிசையாகப் போகும்போது முதல் நாள் முன்னால் போகிறவரின் சக்கரத்துக்கு ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள். முன்னால் இருப்பவர் ஒரு சுற்று இழுத்ததும், திருப்பம் தொடங்கும் இடத்தில் வலது தோள் பார்த்து, ஒன்றரை மீட்டர் மேலே ஏறுவார். சரிவே வேகத்தைக் குறைக்கும், மற்ற மூவரும் கீழே கடந்து போவார்கள், அவர் இறங்கிக் கடைசிச் சக்கரத்துக்குப் பின்னால் சேர்ந்துகொள்வார். கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, ஏறும் முன்பே காலைத் தளர்த்துவது. பின்னால் இருப்பவர் உங்கள் சக்கரத்தில் வந்து முட்டுவார். இன்னொன்று, இறங்குவதைத் தாமதிப்பது. வரிசை போய்விடும், பிடிக்க இரண்டு சுற்று உழைக்க வேண்டும். மூன்றாவது ஆளின் இடுப்பு உங்களுக்கு நேராக வரும்போது இறங்க ஆரம்பியுங்கள்.

பஞ்சர் ஆனால் நிறுத்தாதீர்கள், திரும்பாதீர்கள். ஒரே சீராக மிதித்து நேர்ப்பகுதிக்கு வந்து, பார்த்து, கீழே இறங்குங்கள்.

மதியம்

தயிர்சாதம், ஒன்றரை மணி நேரம் கால் மேலே வைத்துப் படுக்கை. மதிய ஓட்டத்தில் நேரம் பார்க்கலாம். பத்துச் சுற்று உடம்பைச் சூடாக்கிவிட்டு, நீலக் கோட்டில் இரண்டு சுற்று வேகம் கூட்டி, திருப்பத்தின் வெளிவாயிலில் கறுப்புக்கு இறங்கி, அங்கிருந்து ஒரே ஒரு சுற்று முழு வேகம். மேல் கம்பியிலிருந்து பாய்வதை வீரர்களிடம் பார்த்து ரசியுங்கள், இன்று வேண்டாம். இருபது நிமிஷ ஓய்வுக்குப் பிறகு நாலு சுற்று, அதாவது ஒரு கிலோமீட்டர். முதல் சுற்றை அடித்து நொறுக்கினால் நாலாவது சுற்றில் ஐந்து நொடி கூடுதலாகக் கொடுப்பீர்கள். ரோட்டில் மூச்சு வாங்கும்போது அரை நொடி காலை விடுவீர்களே, அது இங்கே இல்லை. ஓட்டம் முடிந்ததும் நிற்க முடியாது. இன்னும் மூன்று சுற்று மேலே மெதுவாகப் போய், வேகம் இறங்கிய பிறகே கீழே.

இரவில் கழுத்தும் முன்கையும் வலிக்கும், வறட்டு இருமல் வரலாம். மூடிய இடத்து உலர்ந்த காற்றை ஆழமாக இழுத்ததால் வருவது, மறுநாள் போய்விடும். மூச்சிரைப்பு உள்ளவர்கள் மருந்தைக் கையோடு வையுங்கள்.

சைக்கிளைப் பொதியும்போது பெடலைக் கழற்றுங்கள், இடது பெடல் இடமரை. சக்கரம் எடுத்த பிறகு பின் போர்க்கின் நடுவில் 120 மி.மீ. மரத்துண்டு ஒன்றைச் செருகிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் யாராவது மேலே பெட்டி வைத்து நசுக்கிவிடுவார்கள். விமானத்தில் போகிறவர்கள் 15 சாவியைக் கைப்பையில் வைக்காதீர்கள்.

குறித்துவைத்த நொடிகளை ஊர் திரும்பியதும் பாருங்கள். முழு வேகச் சுற்று 20 நொடிக்குக் கீழே வந்து, கால் 115 சுற்றுக்கு மேல் தடையில்லாமல் சுழன்றிருந்தால் அடுத்த முறை 14 பல். காலையில் 30 கி.மீ.யை எட்டவே நேர்ப்பகுதி போதவில்லை, நாலாவது சுற்று முதல் சுற்றைவிட ஐந்து நொடி நீண்டது என்றால் 16 பல்லோடு போய், அதற்கு முன் இன்னும் ஒரு மாதம் ரோலரில் 110 சுற்றுக்கு உழையுங்கள்.